அயல்மண்ணில் ஓர் அடுப்பு

வேற்று நாட்டில் குடியேறுவோர் முதலில் தேடுவன மூன்று. தங்குவதற்கு ஓர் இல்லம், உழைப்பதற்கு ஒரு தொழில், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. இம்மூன்றும் அமைந்த பின்னரே நான்காவதாக ஒன்று நினைவுக்கு வருகிறது. அதுதான் அடுப்பு. அடுப்பு என்றால் பொத்தானைத் திருகியதும் சூடேறும் கண்ணாடித் தட்டைச் சொல்லவில்லை. அண்டாவை ஏற்றி, எண்ணெய் காயவிட்டு, கடுகு வெடிக்கும் ஓசையை அக்கம்பக்கத்தார்க்கு அஞ்சாமல் கேட்கக்கூடிய நெருப்பைச் சொல்கிறோம். அந்நெருப்பைத் தேடி நாங்கள் சென்ற வழியில், வாழவந்த நாட்டின் இயல்பும் ஒருவாறு விளங்கலாயிற்று. அயல்நாட்டில் மக்களைக் குடியமர்த்தியிருக்கும் பெற்றோர்க்கும், புறப்படக் காத்திருக்கும் இளம் குடும்பத்தினர்க்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் வாழ்வது ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், ரைன் ஆறு சமவெளியில் அகன்று ஓடும் பகுதியில் அமைந்த கிரேஃபெல்ட் நகரம். வெல்வெட்டும் பட்டும் நெய்து பெயர்பெற்ற ஊர். மேற்கு நோக்கிக் காரில் அரைமணி நேரம் சென்றால் நெதர்லாந்து நாட்டின் எல்லை வந்துவிடும். மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. புல்வெளிகளும், கிளை தறிக்கப்பட்டுத் தலை பருத்து நிற்கும் வில்லோ மரங்களும், அவற்றின்மேல் தாழ்ந்து கவிந்த மேகமுமே எங்கள் காட்சி. ஜெர்மனியில் தமிழர் மிகுதியாக வாழ்வது இம்மாநிலத்தில்தான். அவர்களுள் பெரும்பாலோர் 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களை ஒட்டியும் அதன் பின்னரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்தம் மக்கள், பேரக்குழந்தைகள்.

வீட்டிற்குள் ஏன் இயலவில்லை?

இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்புகளே உள்ளன. குளிர்காலத்தில் வெப்பம் வெளியேறாதவாறு சன்னல்கள் இறுக மூடப்படும். ஆகவே ஒரு வீட்டில் எழும் மணம் மாடிப்படி வழியே எல்லா வீடுகளையும் விசாரித்துவிட்டுத்தான் செல்லும். எங்களுடன் வந்து தங்கிய அன்னையார்க்குக் கருவாடு இல்லாத உணவு உணவாகாது. முதல் மாதத்தில் இருமுறை வறுத்தோம். மூன்றாம் முறைக்கு முன் வீட்டு உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதை குன்றாத நடை. ஆயினும் பொருள் தெளிவாகவே இருந்தது. அன்றிலிருந்து அன்னையார் கருவாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நாள் செல்லச் செல்ல உண்பதையும் குறைத்துக்கொண்டார். வயது முதிர்ந்தோர் அயல்நாட்டில் மெலிவதற்கு நோய் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. நாவுக்குப் பழகிய சுவையை இழந்தால் உள்ளமும் இளைத்துவிடுகிறது.

மாடி முகப்பில் கரியடுப்பு வைத்துச் சமைக்கலாமே எனச் சிலர் கேட்பர். பல வாடகை ஒப்பந்தங்கள் அதனைத் தடை செய்கின்றன. புகை அண்டை வீட்டாரின் அறைக்குள் கனமாகப் புகுமாயின் அபராதம் விதிக்கவும் இம்மாநிலச் சட்டத்தில் இடமுண்டு. எனவே வெளியே செல்ல வேண்டும். அங்கும் புகையில்லா நெருப்பு வேண்டும். இவ்விரண்டுக்கும் விடையாக அமைந்தவை ஒரு சிறு தோட்டமும் ஓர் எரிவாயு சிலிண்டரும்.

வேலிக்குள் ஒரு சிற்றூர்

ஜெர்மனியில் இரயிலில் செல்வோர் நகரங்களின் விளிம்பில் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். வேலியிட்ட சிறுசிறு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் பொம்மை வீடு போன்ற ஒரு குடில், ஆப்பிள் மரம் ஒன்று, அவரைப் பந்தல் ஒன்று. இவற்றை ‘கிளைன்கார்ட்டன்’, அதாவது சிறுதோட்டம், என்கின்றனர். லைப்சிக் நகரத்து மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபர் பெயரால் ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்று அழைப்பதும் வழக்கம். 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு தோட்டத்தின் பரப்பு 400 சதுர மீட்டரை மிகலாகாது. குடில் 24 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது. அதில் நிலையாகக் குடியிருக்கவும் கூடாது. தோட்டத்தின் ஒரு பகுதியில் காய்கனிகள் விளைவித்தே ஆகவேண்டும். வெறும் புல்தரை வளர்த்துச் சாய்வு நாற்காலியில் கிடப்பவர்க்குச் சங்கத்தார் ஓலை அனுப்பிவிடுவர்.

ஈராண்டு காத்திருந்து எங்களுக்கும் ஒரு தோட்டம் கிடைத்தது. கோடையில் பாகலும் கத்தரியும் கொத்தமல்லியும் வளர்கின்றன. முருங்கை ஆசை காட்டி முளைத்து, முதல் உறைபனியில் உயிர்விடும். எங்கள் குடிலில் மின்சாரம் இல்லை. சங்கத்தின் விதிப்படி விறகு மூட்டவும் அனுமதியில்லை. எரிவாயு அடுப்புக்கு மட்டும் தடையில்லை.

சாம்பல் நிறமும் செந்நிறமும்

நம் நாட்டில் எரிவாயு இணைப்புப் பெறுவது எவ்வாறென எல்லோரும் அறிவோம். முகவரிச் சான்று, அடையாளச் சான்று, வைப்புத்தொகை, நம் பெயரில் ஒரு புத்தகம். இத்தனையும் நிறைவேறினால், 14.2 கிலோ வாயு கொண்ட சிவப்புச் சிலிண்டரை ஒருவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து இறக்குவார். ஜெர்மனியில் யாவும் தலைகீழ். சான்று எதனையும் எவரும் கேட்பதில்லை. ஆனால் நம்மைத் தேடி எவரும் வருவதுமில்லை. கட்டுமானப் பொருள் விற்கும் பெருங்கடையிலோ, உழவர் கூட்டுறவுப் பண்டகசாலையிலோ, பெட்ரோல் நிலையத்திலோ, வாயிலுக்கு வெளியே பூட்டிய கம்பிக் கூண்டினுள் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். 5 கிலோ, 11 கிலோ என்பன வழக்கமான அளவுகள். 33 கிலோ பெரியது. காலிச் சிலிண்டரைக் கூண்டருகே வைத்துவிட்டு, உள்ளே சென்று பணம் செலுத்தி, பற்றுச்சீட்டைக் காட்டினால், ஊழியர் சாவியுடன் வந்து நிறைந்ததை எடுத்துத் தருவார். இரும்பும் வாயுவுமாக ஏறத்தாழ 22 கிலோ எடையைச் சுமந்து செல்வது நம் பொறுப்பு.

புதிதாக வருவோர் இங்கு அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம் நிறம் பற்றியது. செந்நிறச் சிலிண்டர் நிறுவனத்தின் உடைமை. நாம் செலுத்துவது பிணைத்தொகை. அதனைப் ‘ஃபாண்ட்’ என்பர். அதே நிறுவனத்தின் சிலிண்டரை விற்கும் கடையில்தான் அதனை மாற்ற முடியும். பற்றுச்சீட்டு தொலைந்தால் தொகையும் தொலைந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கும். சாம்பல் நிறச் சிலிண்டரோ விலைக்கு வாங்கி நமதாக்கிக்கொள்வது. முதற்செலவு சற்று மிகுதி. ஆனால் நாட்டின் எம்மூலையிலும், அவ்வகைச் சிலிண்டர் விற்கும் எக்கடையிலும், காலியானதைக் கொடுத்து நிறைந்ததைப் பெறலாம். சில காலம் மட்டும் தங்கி, ஒரே ஊரில் இருந்து திரும்புவோர்க்குச் செந்நிறம் ஏற்றது. வீடும் ஊரும் மாறக்கூடியவர்க்குச் சாம்பல் நிறமே நல்லது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாம்பல் நிறச் சிலிண்டர் நம் உடைமை என்கிறோம். ஆயினும் முதல் மாற்றத்திலேயே நாம் வாங்கிய சிலிண்டர் கைமாறிப் போய்விடுகிறது. பதிலுக்கு வருவது யாரோ ஒருவர் பயன்படுத்தியது. நமக்கு உரிமையானது சிலிண்டர் அன்று; ஒரு சிலிண்டருக்கான இடம் மட்டுமே.

ஊரிலிருந்து கொண்டுவந்த அடுப்பு

நண்பர் பலர் ஊரிலிருந்து அடுப்பையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகின்றனர். அது வீண்சுமை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். நம் சிலிண்டரின் வாயில் ரெகுலேட்டரை அழுத்திப் பொருத்துகிறோம். ஜெர்மன் சிலிண்டரிலோ மரை உண்டு. அதுவும் வழக்கத்திற்கு மாறாக இடப்பக்கம் சுழற்றினால் இறுகுவது. எரியாத வாயுக்களின் இணைப்போடு எவரும் அறியாது மாற்றிவிடலாகாது என்பதற்காகவே எரிவாயுவுக்கு இத்தகைய எதிர்மரையை வைத்தனர். அஃதன்றி, நம் வீட்டு அடுப்புகள் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்திற்கு அமைந்தவை. ஜெர்மனியில் அடுப்புக்கான ரெகுலேட்டர் தருவது 50 மில்லிபார். எவ்வாறேனும் இணைத்துவிட்டாலும் சுடர் அளவு மீறி எழும். எனவே அடுப்பு, ரெகுலேட்டர், ரப்பர் குழாய் மூன்றையும் வாழும் நாட்டிலேயே வாங்குவதுதான் அறிவுடைமை. அடுப்பின்மீது ஒட்டிய தகட்டில் அழுத்தத்தின் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ரெகுலேட்டரிலும் அதே எண் இருக்க வேண்டும்.

பெரிய அண்டாவுக்கு ஏற்றதாக இங்கு ‘ஹாக்கர்கோகர்’ என்றோர் அடுப்பு கிடைக்கிறது. முக்காலி அடுப்பு என்று பொருள் கொள்ளலாம். தாழ்ந்த இரும்புக் கால்களின்மேல் வளையம் வளையமாகச் சுடர் எழும். நம் திருவிழாச் சமையற்காரர் கண்டால் மகிழ்ந்து போவார். 7 கிலோவாட் ஆற்றலுள்ள அடுப்பு முழுச்சுடரில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ வாயு செலவாகும். ஆகவே 11 கிலோ சிலிண்டர் இருபது மணி நேரத்திற்குச் சற்று மேல் வரும். மீதி எவ்வளவு என்று அறிய எடை போட்டுப் பார்ப்பதே உறுதியான வழி. வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்தருகே பொறிக்கப்பட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கனம்

இந்நாட்டில் விற்கப்படும் சிலிண்டர்களில் பெரும்பாலும் உள்ளது புரோப்பேன். நம் நாட்டில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்து வருகின்றன. காரணம் குளிரே. பியூட்டேன் பூஜ்யம் பாகைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேனோ பூஜ்யத்திற்குக் கீழே 42 பாகை வரையிலும் ஆவியாகும். பனிபெய்யும் நாளிலும் அடுப்பு எரிவது இதனால்தான்.

ஆனால் இவ்விரு வாயுக்களும் காற்றைவிடக் கனமானவை. புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே எழுந்து கலைந்துவிடாது. நீரைப்போல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தை நாடும். ஜெர்மன் வீடுகளில் நிலத்தடி அறை பெரும்பாலும் உண்டு. பயன்படாத பொருள்களை அங்கு வைப்பது வழக்கமாதலால், குளிர்காலத்தில் சிலிண்டரையும் அங்கு இறக்கிவிடத் தோன்றும். அது கூடவே கூடாது. விதிகளும் அதனைத் தடுக்கின்றன. சிறு கசிவும் அங்கே நாட்கணக்கில் தேங்கி நிற்கும். விளக்குப் பொத்தானின் ஒரு பொறி போதும். சிலிண்டருக்கு உரிய இடம் காற்றோட்டமுள்ள வெளிப்புறமே. எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். காரில் கொண்டுவரும்போது மூடியைத் திருகி, உருளாதவாறு கட்டி, வீடு சேர்ந்ததும் இறக்கிவிட வேண்டும்.

இணைப்பைக் கையாலேயே இறுக்குதல் போதும். ஸ்பானர் கொண்டு முறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெடும். பின்னர்ச் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வழக்கம் எவரிடமேனும் இருப்பின் இன்றே கைவிடுக. சில பெட்ரோல் நிலையங்களில் கார்களுக்கான எரிவாயு மலிவாகக் கிடைக்கிறது. அதனைச் சாதாரணச் சிலிண்டரில் தாமே நிரப்பிக்கொள்ளச் சிலர் முயல்வதுண்டு. இது தடைசெய்யப்பட்டது, தடையும் நியாயமானதே. வெயிலில் வாயு விரிவதற்கென்று சிலிண்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் விட்டே நிரப்புவர். அளவறியாக் கை அவ்விடத்தையும் நிரப்பிவிடும்.

ஞாயிறும் ஒரு சிலிண்டரும்

வெளிச்சமையல் பெரும்பாலும் ஞாயிறன்றே நிகழும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உழைப்பினின்று ஓய்வு பெறும் நாளாகக் காக்கப்படும் என்னும் விதி, 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பில் இடம்பெற்று, 1949 ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்க்கப்பட்டது. பெட்ரோல் நிலையங்கள் திறந்திருக்கும். ஆயினும் எல்லாவற்றிலும் சிலிண்டர் கிடைக்காது, கிடைத்தாலும் விலை மிகுதி.

எங்கள் மகள் முதல் நற்கருணை பெற்றது, இந்நாட்டு வழக்கப்படி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறன்று. ஏப்ரல் மாதம், வெயில் இருந்தும் காற்றில் குளிர் குறையவில்லை. அழைத்தவர் முப்பது பேர். டோர்ட்முண்டிலிருந்தும் எஸ்ஸனிலிருந்தும் வந்த ஈழத்து நண்பர்கள் தம் உறவினரையும் அன்புடன் அழைத்து வந்தமையால், கூட்டம் ஐம்பதைத் தாண்டியது. இரண்டாம் அண்டா ஏற்றினோம். அரிசி பாதி வெந்திருக்கையில் சுடர் சிறுத்தது. சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் வெண்பனி படர்ந்திருந்தது. வாயு விரைந்து வெளியேறுகையில் உள்ளிருக்கும் திரவம் தன் வெப்பத்தையே செலவிட்டு ஆவியாகிறது. அதனால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் தளர்கிறது. மாற்றாக வைத்திருந்த மற்றொன்றை முதல் அண்டாவே தீர்த்துவிட்டது.

அடுத்த தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். அதுவரை எங்களுடன் அவர் பேசியதெல்லாம் வானிலை பற்றியும் நத்தைகள் பற்றியும் மட்டுமே. உள்ளே சென்று, தம் குடிலின் புறத்தே இருந்த சிலிண்டரைக் கைவண்டியில் ஏற்றி எங்கள் வாயிலுக்குக் கொண்டுவந்தார். எதிர்மரையைத் தாமே திருகி, சோப்பு நீரும் தடவிப் பார்த்தார். “ஐயா, நாளை இதனை நிரப்பித் தந்துவிடுகிறோம்” என்றோம். “இதுவே வரவேண்டும் என்பதில்லை. சாம்பல் நிறமாக எது வந்தாலும் சரி. இதுவும் நான் வாங்கியது அன்றே!” என்றார். அன்னையார் அவரை அமரச் செய்து, வாழையிலை கிடைக்காத ஊரில் வெண்தட்டில் சோறிட்டு, ஓரத்தில் ஒரு துண்டுக் கருவாடும் வைத்தார். பெரியவர் அதனை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்னர், வட கடலோரத்தில் தம் பாட்டி வீட்டில் மீன் உலர்த்துவார்கள் என்று மட்டும் சொல்லி, முழுவதையும் உண்டார்.

அன்றுமுதல் அன்னையாரும் வயிறார உண்ணத் தொடங்கினார் என்பதை இங்கு நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

எல்லையில் நின்றுவிடும் சிலிண்டர்

இத்துணை எளிதாகக் கைமாறும் சாம்பல் நிறச் சிலிண்டர், நாட்டின் எல்லையில் நின்றுவிடுகிறது. அரைமணித் தொலைவில் உள்ள நெதர்லாந்தில் அதனை மாற்ற இயலாது. அங்கு அடுப்புக்கான அழுத்தம் 30 மில்லிபார், சிலிண்டர்களும் வேறு. பிரான்சில் வேறு வாய், ஸ்பெயினில் வேறு வாய். ஸ்பெயினில் செம்மஞ்சள் நிறத்தில் 12.5 கிலோ பியூட்டேன் சிலிண்டர் வீடுதோறும் விளங்குவதைப் பயணம் சென்றோர் கண்டிருப்பர். பணத்தாளும் கடவு வாயிலும் ஒன்றாகிவிட்ட ஐரோப்பிய நாடுகளில் அடுப்பு மட்டும் இன்னும் தன் தாய்மொழியையே பேசுகிறது. பல நாடுகளிலும் மாற்றிக்கொள்ளத்தக்கது, 1949 ஆம் ஆண்டில் பிரான்சில் தொடங்கிய கேம்பிங்காஸ் நிறுவனத்தின் சிறிய நீலச் சிலிண்டர். அதில் பெரியதே 2.75 கிலோதான் கொள்ளும், விலையும் மிகுதி. பயணத்தில் தேநீர் காய்ச்சலாம். ஐம்பது பேர்க்குச் சோறு வடிக்க இயலாது.

ஆகஸ்ட் மாதத்தில், இங்கிருந்து வடமேற்கே உள்ள கெவெலார் திருத்தலத்திற்குத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுவர். 1642 முதல் துயருறுவோர்க்கு ஆறுதலான அன்னையைச் சிறியதோர் அச்சுப்படத்தில் வணங்கிவரும் ஊர் அது. அந்நாளுக்கு முந்திய மாலையில் எங்கள் தோட்டத்து முக்காலி அடுப்பு ஓய்வதில்லை. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலங்களாகும். பெரியவர் வேலியருகே வந்து, சிலிண்டர் போதுமா என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

அயல்நாடு செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பலவும் கட்டித் தருகின்றீர்கள். ஊறுகாயும் பொடிவகையும் மிகவும் நல்லன. அடுப்பை மட்டும் கட்டித் தரவேண்டா. சென்று சேர்ந்த ஊரில் எந்நிறச் சிலிண்டர் வாங்குகிறார்கள், அழுத்தத்தின் எண் யாது, காலியானதை எங்கே மாற்றுகிறார்கள் என்பதை அண்டை வீட்டாரிடமே கேட்டறியச் சொல்லுங்கள். கடைக்காரரும் விடை சொல்வார். ஆயினும் அண்டை வீட்டாரிடம் கேட்ட கேள்வி, ஒரு ஞாயிறன்று அடுப்பணையும் வேளையில் கைவண்டியில் ஏறி வாசலுக்கு வரும்.